திட்டத்தில் தகரம் இல்லை

பசியாவரம் தீவுக்குப் புகையில்லா அடுப்பு கொண்டுவந்த அதிகாரி ஒரு வீட்டுக் கூரையைக்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. பழவேற்காட்டில் மீன் விற்றுவிட்டுப் படகில் திரும்பிய இரண்டு பெண்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“புது அடுப்புக்குள்ள கோழிய அடை வெச்சிருக்கேங்க்கா.”

“இன்னாடி சொல்ற? சோறு ஆக்கலியா?”

“எப்டி ஆக்குறது? புகைக்குழா கூரைக் கீத்துல பூந்து நிக்குது. ஒரு பொறி பட்டா வூடே போயிடும். வெளிய மூணு கல்லு வெச்சி ஆக்கிக்கினு இருக்கேன்.”

“வெறகு கம்மியா எரியும், மரம் பொழைக்கும், பூமி சூடாவாதுன்னு ஆபீசரு சொன்னாரே?”

“பூமி சூடாவாது. என் கூரைதான் சூடாவும்.”

“குழாயச் சுத்தி ஒரு தகரம் வெச்சா போதுமேடி.”

“கேட்டேனே. திட்டத்துல தகரம் இல்லியாம். அடுத்த வாரம் போட்டோ புடிக்க வராராம், அடுப்பு எரியணுமாம்.”

“அப்ப கோழி?”

“கோழிய எறக்கிடுவேன். கூரைய எங்க எறக்கி வெக்கிறது?”

படகே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அதிகாரி ஐயா, போட்டோ எடுக்கும் முன் ஊர் நடுவில் நின்று சொல்லுங்கள்: அந்தக் கூரை பற்றிக்கொண்டால் யார் கட்டித் தருவது?