ஹெட்செட் போட்டிருந்தேன்

எனக்குச் சத்தம் ஆகாது, மேடம். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஸ்ரீவராகத்துல எங்க ஆத்துக்கு ஒரு பக்கம் கோவில் மைக், இன்னொரு பக்கம் கல்யாண மண்டபம், உள்ளே அம்மாவோட மிக்ஸியும் சீரியலும். கழக்கூட்டம் ஆபீஸ்ல ஆத்துலேர்ந்தே வேலை பார்த்தாப் போறும்னு சொன்ன புதுசுல, மீட்டிங் நடுவுல கிளையண்ட் ஒருத்தன், "அபிஜித், நீ என்ன ரயில்வே ஸ்டேஷன்லயா உட்கார்ந்திருக்கே?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சா. எனக்கு மானம் போயிடுத்து. அதுக்கப்புறம்தான் அந்தத் துருத்து வீட்டைத் தேடிப் பிடிச்சேன்.

நீங்க எல்லைப் பக்கம் பாறசாலைக்காரி, தமிழ் தெரியும்னு சொன்னேள், அதனால தமிழ்லயே சொல்லிடறேன். மலையாளத்துல சொன்னா நான் கொஞ்சம் நல்லவனாத் தெரியறேன். போன தடவை ஸ்டேட்மென்ட் குடுத்தப்போ அதைக் கவனிச்சேன்.

விழிஞ்ஞம் தாண்டி, ஆறு கடல்ல சேர்ற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, காயல் நடுவுல தீவு மாதிரி இருக்கற தென்னந்தோப்பு அது. ஒரே ஒரு வீடு. போக வர ராஜையன் சேட்டனோட வள்ளம்தான். வாடகையை மூணு பேர் பங்கு போட்டுண்டோம். நான், டிசைன் வேலை பண்ற ஜிபின், அப்புறம் லிபி. லிபி நெய்யாற்றின்கரைப் பொண்ணு, ஆஸ்பத்திரி பில்லுக்கெல்லாம் கோட் நம்பர் போடற மெடிக்கல் கோடிங் வேலை. வாடகைச் சீட்டு என் பேர்ல இருந்ததால ரூல் போட்டதும் நான்தான். காலம்பறலேர்ந்து ஆறு மணி வரைக்கும் யாரும் வாய் திறக்கப்படாது. ஏதாவது வேணும்னா வாட்ஸ்அப்ல எழுதணும். அடுத்தவா கதவைத் தட்டப்படாது. சமையல்கட்டுக் குழாயைத் திறந்தா பைப் உறுமும், அதனால பாத்திரத்தைக் கீழே வள்ளம் அணையற கடவுப் படியில போய் அலம்பிக்கணும். எஞ்சின் சத்தம் கேட்கும்னு வள்ளத்தையும் பகல்ல அக்கரையில நிறுத்தச் சொல்லிட்டேன். கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லை. எல்லாருக்கும் வேலை நன்னா நடந்தது.

லிபிக்குத்தான் கஷ்டம். அவளுக்குப் பேசாம இருக்க முடியாது. ஆறு மணி அடிச்சா வராந்தாவுல வந்து உட்கார்ந்து, "அபி அண்ணா, பூட்டைத் தொறந்தாச்சா? நாக்கு மரத்துப் போச்சு கேட்டியளா"ம்பா. எனக்கு சைலன்ஸ் சுவாமின்னு பேர் வச்சிருந்தா. கேலி பண்ணுவாளே தவிர, ரூலை ஒருநாளும் மீறினதில்லை. தும்மல் வந்தாக்கூட துப்பட்டாவை வாயில அடைச்சுப்பா.

அன்னிக்குக் காயல் ரொம்பி வழிஞ்சுண்டிருந்தது, இடவப்பாதி மழை. காலம்பற ராஜையன் சேட்டன் வந்து வராந்தாவுக்கு வெளியில நின்னுண்டே சொன்னார். "சாரே, இன்னைக்கு உச்சைக்குப் பொழி முறிக்காவ. கடல் வாயை அடைச்சுக் கெடக்க மணலை வெட்டி விட்டா காயல் மொத்தமும் கடலுக்கு இழுத்துட்டுப் போவும். நான் இன்னைக்கு இங்கயே கெடக்கேன். அந்தப் பிள்ளைட்ட கடவுல எறங்கண்டாம்னு சொல்லணும், மறக்காண்டாம்."

அவருக்கு இருமல் உண்டு, மேடம். வராந்தாவுல உட்கார்ந்தா இருமிண்டே இருப்பார். அன்னிக்கு மத்தியானம் எனக்கு கிளையண்ட் முன்னாடி பிரசன்டேஷன். டீம் லீட் யாருன்னு அதுலதான் தீர்மானம். ஜிபினுக்கும் டவுன்ல வேலை இருந்தது. அதனால, "நீங்க ஜிபினைக் கூட்டிண்டு அக்கரைக்குப் போங்கோ சேட்டா, ஆறு மணிக்கு வந்தாப் போறும். லிபிகிட்ட நான் சொல்லிக்கறேன்"னு அனுப்பிட்டேன். வள்ளம் போறதை நின்னு பார்த்தேன். எஞ்சின் சத்தம் தேஞ்சு தேஞ்சு நின்னது. நிம்மதியா இருந்தது.

லிபிகிட்ட நான் சொல்லலை.

மறந்துட்டேன்னு போன தடவையே சொல்லியிருக்கலாம், சொல்லலை. மறக்கவும் இல்லை. அவ கதவு சாத்தியிருந்தது. நான் போட்ட ரூலை நானே மீறி எப்படித் தட்டறது? மெசேஜ் போடலாம்னு போனை எடுத்தேன். ஸ்லைடுல ஒரு எழுத்துப்பிழை கண்ணுல பட்டது, அதைத் திருத்த உட்கார்ந்துட்டேன். சாப்பிடறச்சே சொல்லிக்கலாம்னு இருந்தேன். டென்ஷன்ல சாப்பிடவே போகலை. அவ சாப்பிட்டிருக்கா. சாப்பிட்டுட்டுத் தட்டை எடுத்துண்டு கடவுக்கு இறங்கியிருக்கா.

என் ரூம் ஜன்னல் கடவுக்கு நேர் மேலே. பிரசன்டேஷன் பாதியில இருக்கறப்போ "அண்ணா"ன்னு கேட்டது. மெல்லத்தான் கூப்பிட்டா. எனக்கு மீட்டிங் நடக்கறதுன்னு அவளுக்குத் தெரியும். தண்ணி இழுத்துண்டிருக்கறச்சேயும் மெல்லத்தான் கூப்பிட்டா, மேடம். இதைச் சொல்லறச்சே எனக்கு உங்க முகத்தைப் பார்க்க முடியலை. வெட்கமா இருக்கு.

போன தடவை ஹெட்செட் போட்டிருந்தேன்னு சொன்னேனே, அது பொய்யில்லை. ஒரு காதுல போட்டிருந்தேன். இன்னொரு காதுல கேட்டுண்டுதான் இருந்தது. ரெண்டாவது தடவை சத்தமாக் கூப்பிட்டா. அப்புறம் கத்தினா. "அபி அண்ணா, பிடி விடுது, வாங்க"ன்னா. கிளையண்ட் பேச்சை நிறுத்திட்டு, "அங்கே யாராவது உன்னைக் கூப்பிடறாளா?"ன்னு கேட்டான். மறுபடியும் அந்த ரயில்வே ஸ்டேஷன் சிரிப்பு வரப்போறதுன்னு தோணிடுத்து. அதுதான் தோணித்து, வேற ஒண்ணும் தோணலை. மியூட் பண்ணினேன். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். திரும்பி வந்து அன்மியூட் பண்ணி, "பக்கத்தாத்துக் குழந்தைகள் விளையாடறதுகள்"னு சொன்னேன். துருத்துல ஏது பக்கத்தாம்?

அதுக்கப்புறம் சத்தம் இல்லை. யாரோ தூக்கி விட்டிருப்பான்னு நினைச்சுண்டேன். பிரசன்டேஷன் நன்னாப் போச்சு. ஆறு மணிக்கு ஜிபின் வந்து லிபி எங்கேன்னு கேட்டப்போதான் கீழே போனேன். படியில தட்டு மட்டும் இருந்தது. அவ மறுநாள் விழிஞ்ஞத்துக்குப் பக்கத்துல கிடைச்சா.

அன்னிக்கு ஸ்டேஷன்ல எல்லாரும் ராஜையன் சேட்டனைத்தான் கேட்டா. பொழி முறிக்கற நாள்ல வள்ளத்தை எடுத்துண்டு ஏன் போனார்னு. அவர் என்னைக் கை காட்டினார். "சார்ட்ட சொல்லிட்டுத்தான் போனேன், சாரே சொல்லணும்"னார். நான் இல்லைன்னேன். ஒரே ஒரு வார்த்தை. இப்போ அவர் ரிமாண்ட்ல இருக்கார்.

சாவுக்குப் போனேன். லிபியோட அப்பா என் ரெண்டு கையையும் பிடிச்சுண்டு, "மோனே, அபி அண்ணன் இருக்காவ, பயம் இல்லன்னு எப்பவும் சொல்லுவா"ன்னு அழுதார். எனக்குச் சாயா குடுத்தா. குடிச்சேன். இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேட்டதுக்கு, சரின்னு அதையும் வாங்கிக் குடிச்சேன். ராத்திரி படுத்தா எனக்கு வேற எதைவிடவும் அந்த ரெண்டாவது சாயாதான் தொண்டையில வந்து நிக்கறது. டீம் லீட் லெட்டரும் அந்த வாரமே வந்தது. வேண்டாம்னு எழுதலை.

நேத்து ராஜையன் சேட்டனோட பெஞ்சாதி ஓமனா ஸ்ரீவராகத்துக்கே வந்தா. சண்டை போடுவான்னு பயந்தேன். போடலை. "சாரு நல்ல மனுசன்னு அவரு இப்பவும் சொல்லுதாரு. பதட்டத்துல மறந்திருப்பீங்க. ஒண்ணு ஓர்த்துப் பாருங்க சாரே"ன்னா. அம்மா அவளுக்குக் காப்பி குடுத்து அனுப்பிட்டு என்னையே பார்த்துண்டு நின்னா. "ஏண்டா, அந்த மனுஷன் உங்கிட்ட சொன்னானோ?"ன்னு கேட்டா. அதான் இங்கே வந்தேன். சேட்டனை விட்டுடுங்கோ. அவர் சொன்னார், நான் கேட்டேன், நான்தான் போகச் சொன்னேன்.

யார் தூக்கி விட்டிருப்பான்னு நினைச்சேன்னு கேட்கறேள். நியாயமான கேள்விதான். ஜிபினும் சேட்டனும் அக்கரையில. ஆறு மணிக்கு முன்னாடி வராதேங்கோன்னு சொன்னது நான். துருத்துல நாங்க ரெண்டே பேர். அதனால அந்த வரியை அடிச்சுடுங்கோ. நான் அப்படி ஒண்ணும் நினைக்கலை. இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிண்டது அது.

இன்னொண்ணையும் மாத்தி எழுதிக்கோங்கோ. ஜன்னலைச் சாத்தினதுக்கு அப்புறம் சத்தம் நின்னதுன்னு சொன்னேன் இல்லையா, அது சரியில்லை. பழைய மர ஜன்னல் அது, கதவு வெளிப்பக்கம் திறக்கும். சாத்தணும்னா சுவத்துக் கொக்கியை எடுக்கப் பாதி உடம்பை வெளியில நீட்டணும். நீட்டினேன். வள்ளம் கட்டற மரக் குத்தியை அவ ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுண்டிருந்தா, தண்ணி கழுத்து வரைக்கும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. பார்த்ததும் கத்தறதை நிறுத்திட்டா. நான் வரேன்னு நினைச்சிருப்பா, மேடம்.