பட்டியலில் இல்லாத கரை

"பட்டியல்ல இல்லாத கரைய, எங்க கம்ப்யூட்டர் கரைன்னே ஒத்துக்காது மாமா."

வடலூரிலிருந்து டவுன்ஷிப் போகும் பஸ்ஸில், முன் சீட்டு இளைஞன் சொன்னான். கடலில் கப்பல் எண்ணெய் கொட்டினால் எந்தக் கரையில் போய் ஒதுங்கும் என்று கணக்கிட மெட்ராஸில் புரோகிராம் எழுதுகிறவனாம். பக்கத்தில் அவன் மாமா, முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர், மடியில் மைன்ஸ் ஹெல்மெட்டோடு இருந்தார்.

"முன்ன மணல் கரைக்கு ஒண்ணு, பாறைக் கரைக்கு ரெண்டுன்னு நம்பர் போட்டோம் மாமா. தப்பா ஒம்பதுன்னு அடிச்சாலும் வாங்கிக்கும். இப்ப மணல், பாறை, சேறு, சதுப்புன்னு நாலு பேரைத்தான் குடுத்திருக்கோம். வேற எதையும் உள்ள விடாது."

"மீன்காரங்க வலை காயப்போடற எடத்துல எண்ணெ ஒதுங்குனா?"

"அத தனியா சொல்ல பேரு இல்ல மாமா. வேணும்னா அஞ்சாவதா 'இதர'ன்னு ஒண்ணு சேத்துடலாம்."

மாமா ஹெல்மெட்டின் வாரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சுரங்கத்துக்கு எங்க ஊர எடுக்கறப்ப நஞ்சை, புஞ்சை, மனைன்னு ஒவ்வொண்ணா எழுதிகினே வந்தாங்க. எங்கப்பாவப் பொதச்ச எடத்துக்கு வந்ததும், 'இதர'ன்னு எழுதிகினு போயிட்டாங்க."