பதினாறாம் இருக்கைக்கு நாற்பத்தொரு நொடி

அடங்காத எங்களை அடக்க அவையின் நடுவே வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! நாள் முழுவதும் பிறரை வாயைத் திறக்கச் சொல்லும் பல் மருத்துவராகிய நீங்கள், இன்று என் வாயை மூடச் சொல்லக் கையில் மணியோடு காத்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் எரிமலையாய் வெடித்துவிட்டு, இப்போது ஒன்றுமே நடக்காததுபோல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் மருந்துக்கடை அண்ணன் அவர்களே! முதல் பெட்டியில் முதல் இருக்கை கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மூத்த உறுப்பினர்களே! பிள்ளைகளை அழைத்து வந்து, பிள்ளைகளைவிட உரக்கக் கத்தும் தாய்மார்களே! டயர் கடை மாடியில், இரண்டே மின்விசிறிகளுக்குக் கீழே, வியர்வையிலும் விவாதத்திலும் நனைந்து அமர்ந்திருக்கும் ராட்டின ரசிகர் மன்றத்தின் ரசனைமிகு பெருமக்களே! அனைவரையும் வணங்கி என் பேச்சைத் தொடங்குகிறேன்.

கொடுக்கும் காசுக்குத் தகுந்த ரைடு கிடைக்கிறதா? இதுதான் இன்றைய தலைப்பு. கிடைக்கவில்லை என்று மருந்துக்கடை அண்ணன் முழங்கினார். நுழைவுச்சீட்டு விலை வானத்துக்கு ஏறியது என்றார். வரிசை வாசல்வரை நீண்டது என்றார். வண்ணம் உரிந்தது, வேகம் குறைந்தது என்றார். ஒவ்வொன்றும் உண்மை! அவர் அணிக்கு முத்தாய்ப்பாய்ப் பேசத்தான் என்னை அழைத்தீர்கள். ஏன் என்னை? நான் யார்? ஒவ்வொரு ரைடையும் நொடிக் கணக்கில் அளந்து குறிக்கும், மன்றத்தின் ஸ்டாப்வாட்ச்! என் அம்மா வைத்த பெயர் எனக்கே மறந்துபோகும் அளவுக்கு நீங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயர்.

ஆனால் அன்புக்குரியவர்களே, ஒரு வாரமாய் எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது. நின்றால் நடக்கத் தோன்றுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்ன அங்கே? மூன்றாம் வரிசையில் யார்? "டிக்கெட் விலையைப் பத்திப் பேசுய்யா!" என்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன் ஐயா. விலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

நாம் செல்லமாய்ச் "செங்குத்து" என்று அழைக்கும் அந்த ரோலர் கோஸ்டரை அறியாதவர் இங்கே உண்டா? அதன் நடைமேடையில் நிற்கும் அந்த அக்காவை அறியாதவர் உண்டா? இருபத்து நான்கு இருக்கைகள். இருக்கைக்கு ஒரு மடிக்கம்பி. மற்ற ஊழியர்கள் கம்பியைக் கீழே அழுத்துவார்கள், பூட்டியதற்கு அடையாளமாய்ப் பச்சை விளக்கு எரியும், வண்டி புறப்படும். இந்த அக்கா மட்டும் அழுத்திவிட்டு, மறுபடி மேலே இழுத்துப் பார்ப்பார். இழுத்துவிட்டு நம் மடியைக் குனிந்து பார்ப்பார். "ரெண்டு தடவை அக்கா" என்று அவருக்குப் பெயர் வைத்தது யார்? நாம்! நேரத்தைத் தின்கிறார் என்று நெருப்பாய்க் கொதித்தது யார்? நாம்! மற்றவர்கள் வண்டியை அனுப்ப ஒரு நிமிடம், இவருக்கு இரண்டு நிமிடம், இதனால் ஒரு நாளில் ஆறு சுற்று போகவேண்டியவன் நான்கு சுற்றோடு திரும்புகிறான் என்று அளந்து, எழுதி, முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தோடு பூங்காவுக்கு மனு அனுப்பியது யார்?

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். அனுப்பியவன் நான்.

மேலாளரின் பதில் தலைவரின் மேசைமேல் இருக்கிறது. நம் மன்றம் இன்று மனுவை உறுதி செய்தால், அடுத்த மாதம் முதல் செங்குத்தில் ஒரே ஒரு சோதனைதான். பச்சை விளக்கு போதும். அந்த அக்காவுக்கு நடைமேடையில் வேலையில்லை; வேறு இடமும் காலியில்லை. அதாவது, இங்கே நாம் தூக்கப்போகும் கையில் அங்கே ஒருவரின் வேலை இருக்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது? கல்யாணமாகிப் பதினெட்டு ஆண்டுகளாய் ராட்டினம் என்றாலே தலைசுற்றுகிறது என்ற என் மனைவி, முதன்முறையாக, "சரி, வர்றேன். அப்படி என்னதான் இருக்குன்னு பார்த்துடறேன்" என்று கிளம்பினாள். அன்று மழை மூட்டம். கையில் தடிமனான மழைக்கோட்டு. உடைமைகளை வைக்கும் பெட்டகத்துக்குத் தனிக் கட்டணம் அல்லவா? அதை மிச்சம் பிடிக்க நம் மன்றத்து இதழில் ஒரு சிக்கன யோசனை வந்ததே, நினைவிருக்கிறதா? "கோட்டை மடித்து மடியில் வைத்து, மேலே கம்பியை இறக்கிக்கொள்ளுங்கள்; ஊழியர் கண்ணுக்குத் தெரியாது!" எழுதிய மேதாவி யார் என்று கேட்காதீர்கள். உங்கள் முன்னால்தான் நிற்கிறான்!

மனைவி பதினாறாம் இருக்கை. நான் பக்கத்தில். கோட்டு மடியில், அதன்மேல் கம்பி, பச்சை விளக்கு பளிச்சென்று எரிகிறது. அக்கா வந்தார். அழுத்தினார். இழுத்தார். குனிந்தார். நின்றுவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்! "அக்கா, நேரமாகுது! பச்சை எரியுதுல்ல?" என்று கத்தினேன். பின்னால் நம் மன்றத்துப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். அந்த அம்மா வண்டியை இயக்குபவரிடம் பூட்டைத் திறக்கச் சொன்னார். "அதை இப்படிக் குடுங்கம்மா" என்று கோட்டை வாங்கினார். மறுபடி கம்பியை இறக்கினார். மறுபடி இழுத்தார். நாற்பத்தொரு நொடி! "இருக்கை பதினாறு: தாமதம், நாற்பத்தொன்று" என்று குறித்துக்கொண்டேன். இன்றைய கூட்டத்தில் ஆதாரமாய்க் காட்டலாமென்று மகிழ்ந்தேன்.

வண்டி ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. விழுந்தது. விழும்போது உடம்பு இருக்கையைவிட்டு எழும்புமே, அந்த மூன்று நொடி... அதற்காகத்தானே தோழர்களே இத்தனை பணம்? அதற்காகத்தானே இத்தனை வரிசை, இத்தனை வாக்குவாதம்? என் கைகள் இரண்டும் மேலே. பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். என் மனைவி எழும்புகிறாள். இருக்கைக்கும் அவளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. கம்பி அவளைத் தொடையில் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் கோட்டு அங்கேயே இருந்திருந்தால்? முதல் காற்றில் அது பறந்திருந்தால்? அது இருந்த இடம் அத்தனையும் வெறும் இடைவெளி அல்லவா? ஒரு சாண் இடைவெளியில் ஒரு பெண்ணை எது பிடித்து நிறுத்தும்? பச்சை விளக்கா? என் ஸ்டாப்வாட்சா?

தூக்கிய கைகளை இறக்கி என் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கியதும் நேரே அக்காவிடம் போனேன். "ஏன்க்கா ரெண்டு தடவை?" என்றேன். "அழுத்தினா கம்பி பூட்டிடுச்சான்னு தெரியும் சார். இழுத்துப் பார்த்தாத்தான் அதுக்குள்ள ஆள் பூட்டியிருக்காங்களான்னு தெரியும்" என்றார். சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "நீங்கதானே அந்த மனு எழுதின சார்? இன்னைக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

கோபமாய்க் கேட்டிருந்தால் பரவாயில்லை. அளவு தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் செய்ய முடியுமா என்று யோசித்துக் கேட்டார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள். "பதினெட்டு வருஷத்துல என்னைக் கெட்டியாப் பிடிச்சது அந்தம்மாதான்." சிரிக்கிறீர்கள். அவள் சிரிக்கவில்லை.

மணி அடிக்கிறது. தலைவரே, இரண்டு நிமிடம். இல்லை, நாற்பத்தொரு நொடி கொடுங்கள்!

விலையைப் பேசச் சொன்னீர்களே, பேசுகிறேன். வண்ணம் உரிந்தால் கேளுங்கள், வேகம் குறைந்தால் கேளுங்கள், விலை ஏறினால் வீதியில் நின்று கேளுங்கள். முன்வரிசையில் நானும் நிற்பேன். ஆனால் தரம் தரம் என்று தொண்டை கிழியக் கத்தினோமே, அந்தத் தரம் நம் மடிமேல் குனிந்தபோது அதற்குத் தாமதம் என்று பெயர் வைத்தோமே! விழும்போது இரண்டு கையையும் தூக்குகிறோம். அது நம் வழக்கம். நம் வீரம் என்றே இதுவரை நினைத்திருந்தேன். கம்பியை விட்டுவிட்டுக் கையைத் தூக்க நமக்கு எங்கிருந்து வந்தது தைரியம்? யாரோ ஒருவர் இரண்டாம் முறை இழுத்துப் பார்த்தார் என்பதால் வந்தது!

மனுவைத் திரும்பப் பெறத் தீர்மானம் முன்மொழிகிறேன். மன்றத்து மரபுப்படி, சம்மதிப்பவர்கள் இரண்டு கையையும் தூக்குங்கள். செங்குத்தின் உச்சியில் தூக்குவதுபோல் தூக்குங்கள்!

மருந்துக்கடை அண்ணே, ஒரு கை போதாது... ஆம், அப்படி! மூன்றாம் வரிசை ஐயா, நன்றி. பின்னால்... பின்னால் யார்? என் மனைவி. உறுப்பினர் அல்லாதவர் வாக்கு செல்லாது. விதி எனக்குத் தெரியும். அன்று உச்சியிலிருந்து விழுந்தபோது இவள் கையைத் தூக்கவே இல்லை. இன்று இரண்டு கையையும் தூக்கி நிற்கிறாள். இறக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை, தலைவருக்கு இருந்தால் சொல்லிப் பார்க்கட்டும்!

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கும், உயர்ந்து நிற்கும் கைகளுக்கும் என் நன்றி. தலைவரே, எண்ணத் தொடங்குங்கள். அவசரம் வேண்டாம். இரண்டு தடவை எண்ணுங்கள். வணக்கம்!