பத்துப் புளியங்கொட்டை

லெட்சுமணன்: ஒரு உயிரு, விலை பத்துப் புளியங்கொட்டை. வாங்கிறியா?

வீரமுத்து: எட்டுக்குக் குடு.

லெட்சுமணன்: பேரம் பேச இது சிகாமட் சந்தையாடா? ஸ்டேஷன்ல சும்மா உக்காராம ஆடலாம்னு நீதானே கூப்பிட்ட! கேள்விக்கு ஒரு கொட்டை. தப்பா வியாதியச் சொன்னா ரெண்டு. கொட்டை தீந்தா நோயாளி காலி.

வீரமுத்து: தெரியும்லா. நாளைக்கு சிங்கப்பூர் டாக்டர் காலேஜ்ல புரொபசர் பரீட்சையே இந்த ஆட்டந்தானே. ஆமா... இந்த மத்தியான வெயில்ல எதுக்குக் கம்பளி?

லெட்சுமணன்: நோயாளி வேசம்டா! நான் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுறவன். ரயில் வர்றதுக்குள்ள கேளு.

வீரமுத்து: காய்ச்சலா?

லெட்சுமணன்: குளிரு, காய்ச்சல், வேர்வை. ஒண்ணு வை.

வீரமுத்து: மலேரியா! கொய்னா குடு, எந்திரிச்சிருவான்.

லெட்சுமணன்: தப்பு. ரெண்டு வை. கொய்னாவ அவனே முழுங்கிட்டுத்தான் இருக்கான். இன்னும்... மோசமாத்தான்...

வீரமுத்து: ஏன்டா மூச்சு வாங்குது?

லெட்சுமணன்: அதுவும் கேள்விதான். வை ஒண்ணு!

வீரமுத்து: அட அலமாக்! நீ வட்டிக்கடை வைக்கலாம். கண்ணு?

லெட்சுமணன்: மஞ்ச.

வீரமுத்து: இடுப்பு வலிக்குதா?

லெட்சுமணன்: ம்... ரொம்ப.

வீரமுத்து: மூத்திரம் என்ன நிறம்?

லெட்சுமணன்: அத விடு, வேற கேளு.

வீரமுத்து: கொட்டை வச்சாச்சு. சொல்லு.

லெட்சுமணன்: கோப்பி ஓ.

வீரமுத்து: பால் விடாத கறுப்புக் கோப்பி நிறம்.

லெட்சுமணன்: வேற எத்தன கோப்பி ஓ இருக்கு? விடையச் சொல்லு!

வீரமுத்து: கருநீர்க் காய்ச்சல். ரத்தம் உடைஞ்சு மூத்திரத்துல போகுது. இனி ஒரு கொய்னா உள்ள போனாலும் ஆள் போயிருவான். அசையவும் கூடாது.

லெட்சுமணன்: அசையவே... கூடாதா? ரயில்ல படுத்துக்கிட்டே போனா? பரீட்சைய முடிச்சிட்டு வந்து...

வீரமுத்து: இந்தா எட்டாவது கொட்டை. பால்மரம் வெட்டுறவனுக்கு என்னடா பரீட்சை?

லெட்சுமணன்: ...வாய் தவறிருச்சு. அதோ ரயில் சத்தம்! பையக் குடு. கொய்னா சீசா எங்கடா? இதுலதானே வச்சேன்!

வீரமுத்து: எந்திரிக்காத.

லெட்சுமணன்: விடுடா கைய! இந்தப் பரீட்சை போனா உபகாரச் சம்பளம் போச்சு. அப்புறம் எங்கப்பா மாதிரி நானும் மரந்தான் வெட்டணும்!

வீரமுத்து: சீசா என் சட்டைப்பையில இருக்கு. ஸ்டேஷன் கக்கூஸுக்கு உன் பின்னாலயே போனேன், கறுப்பா போறதப் பாத்துட்டேன். அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஆள் விட்டாச்சு, தூக்குக்கட்டில் வருது. அதுவரைக்கும் உன்ன அசையாம உக்கார வைக்கத்தான் இந்த ஆட்டம். கணக்க முடிச்சிருவோம்: எட்டுக்குக் கேட்ட உயிரு எட்டுக்கே கெடைச்சிருச்சு. மிச்சம் ரெண்டு கொட்டை... ஒண்ணு நீ விடுற பரீட்சை, ஒண்ணு நான் விடுற பரீட்சை. கடன்ல இருக்கட்டும், படு.