இரண்டாம் பாகம் போதும்

உரக்க வாசித்துப் பிழைப்பவள் குளிர்காலத்தில் எலுமிச்சைப் பக்கமே போகக் கூடாது. தேனும் வெந்நீரும்தான் நல்லது. பதினெட்டு வருடம் அப்படித்தான் என் தொண்டையைக் காப்பாற்றி வந்தேன்.

இங்கிலாந்தின் பாத் நகரில் மிஸஸ் டன்ஸ்டனுக்கு நான் துணையாக இருந்தேன். வேலைக்காரியும் இல்லை, உறவும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் எனக்கு இடம் உண்டு, பேச்சில் கிடையாது. அம்மா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவரால் நடக்க முடியாது. நாவல் கேட்பதுதான் பொழுதுபோக்கு. அதிலும் கெட்டவள் வரும் நாவலாக இருக்க வேண்டும். மூத்தாள் பிள்ளையை மாடிப்படியில் தள்ளிவிட்டு, அன்று மாலையே விருந்தாளிகளுக்குப் பியானோ வாசிப்பாளே, அப்படி ஒருத்தி.

வாடகை நூலகத்திலிருந்து ஒவ்வொரு நாவலும் மூன்று பாகமாக வரும். மூன்றாவதை அம்மா பிரிக்கவே விடமாட்டார்.

"வேண்டாம்டி கிம்பர். அதுல அவளை என்ன பண்ணுவாங்கன்னு தெரியாதா? ஒண்ணு பைத்தியக்கார விடுதி, இல்லேன்னா காசநோய். பாவம், அவ நல்லா இருக்கட்டும். நீ ரெண்டாவதையே மறுபடி வாசி."

"நேத்துதானே முடிச்சோம், அம்மா."

"அதனால என்ன? வீட்டுல புருஷன் காத்துட்டு இருக்கானா உனக்கு?"

வாசித்தேன். ஒரே கொலையை ஒரே குளிர்காலத்தில் எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. ஒருநாள் தொண்டையில் ரத்தம் வந்தது. கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தேன்.

அம்மாவின் மகன் ஜார்ஜியானாவைக் கட்டிக்கொண்டு வந்தான். செம்புநிறக் கூந்தல், சின்னக் கைகள், எதற்கும் சிரிப்பு. அம்மா பூரித்துப் போனார். "வந்துட்டாடி நம்ம ராட்சசி! இவ நடையைப் பாரு, ரெண்டாம் பாகத்துல இருந்து எழுந்து வந்த மாதிரி இல்ல?" அந்தப் பெண்ணுக்கும் விளையாட்டுப் புத்தி. "ஆமாம் மாமி, உங்களுக்குத்தான் முதல்ல விஷம்" என்பாள். வெந்நீர் ஊற்று மண்டபத்துக்குச் சக்கர நாற்காலியில் போய் அம்மா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "என் மருமகள் என்னை ஒருநாள் முடிச்சுருவா, பாருங்க." கேட்டவர்களும் சிரிப்பார்கள்.

நானும் செய்யக்கூடியவள்தான் என்று ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நீயா? உன் மூஞ்சிக்குச் சாட்சி வேஷம்கூடத் தர மாட்டாங்கடி." அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவைக் கொன்றது கோபத்தால் அல்ல, தொண்டை வலியால்.

என் விடுமுறை மதியம் ஒன்றில் ரயிலேறி பிரிஸ்டல் போய், அபின் மருந்து வாங்கினேன். தூக்கத்துக்கு அம்மா குடிக்கும் மருந்தும் அதுதான்; இது பல மடங்கு கடுமை. வீட்டுப் புட்டியில் இருந்ததைக் கொட்டிவிட்டு இதை ஊற்றி வைத்தேன். மருந்து கொடுப்பது மருமகளின் வேலை. சொட்டு எண்ணிக் கொடுத்தாள். கவனமான பெண்.

மறுநாள் வீடு மிகவும் அமைதியாக இருந்தது.

போலீஸ் விசாரணையில் ஜார்ஜியானாமேல் நான் ஒரு பழியும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். "விஷம் வைப்பேன் என்று சொன்னாளா?" சொன்னாள். "மருந்து கொடுத்தது யார்?" அவள். மண்டபத்தில் சிரித்தவர்கள் எல்லாரும் சாட்சிக் கூண்டில் ஏறி, அப்போதே தங்களுக்குச் சந்தேகம் என்றார்கள். நீதிமன்றத்தில் இடம் பிடிக்கச் சீமாட்டிகள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். சிறைக்கு அவளுக்குப் பூச்செண்டுகள் வந்தன. முன்பின் தெரியாத கனவான் ஒருவர் கவிதை எழுதி அனுப்பினாராம். இத்தனையும் அவள் செய்யாத ஒரு காரியத்துக்கு.

தூக்குத் தண்டனை, திங்கட்கிழமை காலை என்று அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை நான் வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் டாட் என்பவரிடம் போனேன். அவளைக் காப்பாற்றத்தான் போனேன். பிரிஸ்டல் கடைச்சீட்டு ஒட்டிய புட்டி என் கைப்பையில் இருந்தது. கடைக்காரருக்கு என்னை நினைவிருக்கும். என் இருமலைக் கேட்டு ஒரு மிட்டாய் கொடுத்தார். புட்டியை மேஜையில் வைத்தால் போதும், ஜார்ஜியானா வீடு திரும்பலாம்.

முதலில் வாயால் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"டீ சாப்பிடுங்க, மிஸ் கிம்பர். நீங்க ஒண்ணும் முதல் ஆள் இல்லை. புதன்கிழமை ஒரு பாதிரியார் பொண்ணு வந்தாங்க. நேத்து தொப்பி தைக்கிற விதவை அம்மா. எல்லாருமே நான்தான் கொன்னேன்கிறாங்க. நாவல் படிக்கிறதைக் கொஞ்சம் குறைச்சுக்குங்கம்மா. ஆசைப்பட்டா எல்லாரும் ஜார்ஜியானா ஆயிட முடியுமா?"

வாசலில் நின்ற காவலர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

எனக்கு வருத்தமில்லை, களைப்புதான். பையின் கொக்கியும் அன்றைக்கு இறுக்கமாக இருந்தது. தேநீரைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை படுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம்.

திங்கட்கிழமை மழையிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை என்று பால்காரர் சொன்னார். சாகும்போதும் அவள் அழகாகத்தான் இருந்தாளாம். புட்டியை அன்று மாலை கழுவி வைத்தேன்.

அந்தப் பெண்ணுக்காக ஒருத்திகூட வாய் திறக்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் போய்ச் சொன்னேன். இன்ஸ்பெக்டர்தான் நம்பவில்லை.