நெத்திலிக்கு ஒரு ஹீட்டர்

எழுபதுகளில் ஒரு ஐப்பசி மழை. கோவளத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், முன்சீட்டு மீன்காரர் மடியில் ஒரு ரூம் ஹீட்டர்.

"நெத்திலிக்குக் குளிருது மச்சான்," என்றார் பக்கத்து ஆளிடம். "வெயிலே இல்ல. இன்னிக்குக் காயலன்னா மூணு கூடையும் நாறிடும்."

"ஹீட்டருக்கு இன்னா?"

"மெக்கானிக் கடையில எரியுது, வூட்ல எரியல. ரெண்டு தபா அவனைத் திட்டிட்டேன்."

பின்சீட்டில் கேட்டுக்கொண்டிருந்த நான், பள்ளிக்கூடம் போகாமலே மூணு லாட்ஜுக்கு ஒயரிங் போட்டவன். வீட்டு ஒயரிங்தான் கோளாறு என்று மனசுக்குள் தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

"வூட்ல எப்டி வெச்சே?" என்று கேட்டார் பக்கத்து ஆள்.

"மல்லாக்கப் படுக்க வெச்சு, மேல சல்லடையில நெத்திலி."

"அடியில பித்தான் மாதிரி ஒரு சுவிட்ச் கீது பாரு. நிக்க வெச்சா அமுங்கும், அப்பதான் எரியும்."

மீன்காரர் கவிழ்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கண்டக்டர் அண்ணாத்த, நிறுத்து! மூணாந்தபா திட்டத்தான் போய்க்கினு இருந்தேன்."

நல்லவேளை, நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் வீட்டு ஒயரை எல்லாம் பிடுங்கிப் போட்டிருப்பேன்.