ஓவனுக்குப் போகாத மூடி

காலை ஆறு மணிக்கு எழுகிறேன். முகம் மழிக்கிறேன். முட்டையை வேகவைத்து உடனே பச்சைத் தண்ணீரில் போடுகிறேன். ஓடு சுலபமாக உரிகிறது. மூன்று வாரமாக ஒரு முட்டைதான்.

பிளாஸ்டிக் முட்டையைப் போலல்ல; சூட்டிலிருந்து மெதுவாகத்தான் ஆறவேண்டும். எங்கள் பட்டறையில் இது புரிந்த பட்டதாரி நான் ஒருவன். என் மனைவிக்கும் புரியும். அவள் பட்டதாரி இல்லை.

அழுத்தத் தொட்டிகளுக்கு அக்ரிலிக் மூடி கடைகிறோம். கடைசலின் சூடு உள்ளே ஓர் இறுக்கத்தை விட்டுவிடும். ஓவனில் எண்பது டிகிரியில் வைத்து, கதவைத் திறக்காமல் ஒரு நாள் ஆறவிட்டால் அது தளரும். இல்லையென்றால் ஸ்பிரிட் துணி பட்டாலே விரிசல் ஓடும். ஓவன் என் பொறுப்பு. ஆறிய மூடியில் சீட்டுக் கட்டிக் கையெழுத்திடுவேன். அதைத் தொட்டியில் பொருத்தி அழுத்தம் ஏற்றிச் சோதிப்பது என் மனைவியின் பொறுப்பு.

அவளிடம் இரண்டு கறுப்பு ஃபிலிம்கள் இருந்தன. நடுவில் மூடியை வைத்தால் இறுக்கம் நிறப்பட்டைகளாகத் தெரியும். நான் ஓவனை அவசரமாகத் திறந்து எடுத்த மூடி ஒன்றைப் போன மாதம் எல்லோர் முன்னும் தூக்கிப் பிடித்தாள்.

“எஞ்சினியர் சார் வானவில் சுட்டிருக்காரு, வந்து பாருங்கப்பா.”

ஃபோர்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிரில் பிட்டுக்கும் பல்குத்தும் குச்சிக்கும் வித்தியாசம் தெரியாத லேத்காரன் அன்றிலிருந்து என்னை ‘வானவில்’ என்றே கூப்பிட்டான்.

வீட்டில் நான் கத்தவில்லை. இனி என் மூடிகளை ஃபிலிமில் வைக்காதே என்றேன்.

“சரிங்க ரோஷக்காரரே,” என்று என் தலையைக் கோதினாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு மூடியை ஓவனில் வைக்கவே இல்லை. சீட்டை மட்டும் கட்டினேன். அவள் கையில் விரிசல் விட்டால் கேள்வி அவளிடம்தான் வரும். சீட்டில் என் கையெழுத்து இருக்கிறதே. விஷயம் விரிசலோடு நிற்கும் என்று நினைத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஏழு பார் அழுத்தத்தில் அது நிற்காது என்று எனக்குத் தெரியும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கசிவைக் கேட்க அவள் முகத்தை மூடிக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள் என்பதும் தெரியும். மூடி வெடித்துத் துண்டுகள் அவள் கழுத்தில் பாய்ந்தன.

கொன்றேன் என்பது மிகை. ஃபிலிம் அவள் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்திருக்கலாம். வேலை தெரிந்தவர்கள் பார்ப்பார்கள்.

அன்று நான் நாலடி தள்ளி நின்றேன். ஸ்பிரிட் துணியால் துடைத்தாள். மூடியைப் பொருத்தினாள். வால்வில் கை வைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“உங்க மூடியை ஃபிலிம்ல வெக்கல. போதுமா?”